பூட்டன் வீட்டுக் கேசரி

திங்கட்கிழமை காலை ஒன்பது மணி ஐந்து நிமிடம். ராகு காலம் கழியட்டும் என்று தெருமுனையில் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்துவிட்டு, பழத்தட்டோடு நான் இறங்கிய நேரம் அது. எல்லாம் கெட்டுப்போனது அந்த நிமிடத்தில்தான் என்பாள் என் மகள் கோமதி. நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். முன்பின் தெரியாத வீட்டுக்கு வெறுங்கையோடு போக எனக்குத் தெரியாது. இனிமேலும் போகப்போவதில்லை. (இன்றைக்கும் நான் தட்டில் பழம் அடுக்கினால், "யாரைப் பாக்கப் போறோம்?" என்று கேட்டு வீடே சிரிக்கிறது. சிரிக்கட்டும். கேசரி வாசனை வந்தால் மட்டும் நான் இன்னும் எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறேன்.)

கோமதி சென்னையில் ஆராய்ச்சி செய்கிறாள். விக்டோரியா ராணி காலத்தில் தென்காசியில் ஒரு தெரு எப்படி இருந்தது, யார் யார் குடியிருந்தார்கள், எந்த வீடு எத்தனை அடி அகலம், எந்தச் சுவர் யாருக்குப் பொது என்பதெல்லாம்தான் அவள் படிப்பு. அந்தத் தெருவைப் பிடித்ததற்கும் காரணம் உண்டு. அவள் அப்பாவின் பூட்டனார் ஆறுமுகம் அங்கேதான் பிறந்தார் என்று எங்கள் குடும்பத்தில் ஒரு பேச்சு. எந்த வீடு என்பதுதான் ஆலங்குளத்தில் இருக்கும் எங்கள் யாருக்கும் தெரியாது.

படிப்பு முடியும்வரை கல்யாணப் பேச்சு எடுப்பதில்லை என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். மீறினால் அன்றைக்கே ரயிலேறிவிடுவேன், தீபாவளிக்குக்கூட வரமாட்டேன் என்று சொல்லியிருந்தாள். சொன்னால் செய்கிறவள். (அப்பாவைக் கொண்டு பிறந்திருக்கிறாள்.) இருபத்தாறு வயதுப் பெண்ணை வைத்துக்கொண்டு, பார்க்கிறவர்கள் எல்லாம் "என்ன, ஒண்ணும் அமையலையா?" என்று கேட்கும்போது வாயை மூடிக்கொண்டிருப்பது எப்பேர்ப்பட்ட தவம் என்று பெற்றவர்களுக்குத்தான் தெரியும்.

முந்தின நாள் ஜீன்ஸும் கேமராவும் அளவு டேப்புமாக அவள் தனியாகப் போயிருந்தாள். "எங்க பூட்டனார் இந்தத் தெருவுல இருந்தாராம்" என்று சொன்னதுமே கதவுகள் வரிசையாகச் சாத்திக்கொண்டன. பழைய தெருவில் ஒரு ஆள் வந்து பூட்டன் பெயரைச் சொல்லி, கையில் டேப்பும் வைத்திருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். பங்கு கேட்டு வழக்குப் போடப்போகிறார்கள். ஒரு வீட்டில், "எதுனாலும் வக்கீல்ட்ட பேசிக்கோங்க" என்று ஜன்னல் வழியாகவே சொல்லிவிட்டார்களாம்.

"ஏட்டி, பாத்ததும் மரியாதப்பட்ட குடும்பம்னு தெரியணும். நாளைக்கு நான் வாரேன்" என்றேன். அவளுக்குப் பட்டுச்சேலை. தலைக்குப் பிச்சிப்பூ. தட்டில் ஆப்பிள், வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, அரைக் கிலோ அல்வா. இதில் எது குற்றம் என்று இன்றுவரை எனக்கு யாரும் சொல்லவில்லை.

முந்தின நாள் ஜன்னல் வழியாக வக்கீலைக் காட்டிய அதே வீட்டின் கதவு அன்று அகலத் திறந்தது. வீட்டுக்கார அம்மாள் தட்டைப் பார்த்தார், சேலையைப் பார்த்தார், பூவைப் பார்த்தார். "வாங்க, வாங்கக்கா! உள்ள வாங்க!" நேற்று வந்தவள்தான் இவள் என்று அவருக்கு அடையாளமே தெரியவில்லை. நான் கோமதியை ஒரு பார்வை பார்த்தேன். அவளும், "நீ பெரிய ஆளும்மா" என்று காதைக் கடித்தாள். அந்த ஐந்து நிமிடம் என் வாழ்க்கையின் பொற்காலம்.

உட்கார்ந்ததும் கோமதி ஆராய்ச்சியைத் தொடங்கினாள்.

"உங்க வீட்டுச் சாஸ்தா கோயில் எங்க இருக்கு அத்தை?"

எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு வம்சத்துக்கும் ஒரு சாஸ்தா. ஒரே சாஸ்தாவைக் கும்பிடுகிறவர்கள் பங்காளிகள், அண்ணன் தங்கை முறை. வம்சத்தைத் தேடுகிறவர்கள் முதலில் கேட்கும் கேள்வி அதுதான். பெண் பார்க்கிறவர்கள் முதலில் கேட்கும் கேள்வியும் அதுதான்.

அந்த அம்மாளுக்கு முகமெல்லாம் பல். "பிள்ளையே கேக்குது பாருங்க! வெவரந்தான். அது அவுகளுக்குத்தாம்மா தெரியும், தோப்புக்குப் போயிருக்காக, இப்ப வந்திருவாக."

"அடுக்களை முன்னாடியும் இங்கனதான் இருந்துச்சா?"

"அடுக்களையவா பாக்கணும்? வா, வா! நீ ஒண்ணும் கஷ்டப்பட வேண்டாம், கிரைண்டர் இருக்கு, மிக்சி இருக்கு."

"இந்த ரூம் பழசா?"

"ஏசி போட்டாச்சும்மா. மாடில பாத்ரூமும் சேத்துக் கெட்டுதோம்."

கோமதி பக்கத்துச் சுவரைத் தட்டிப் பார்த்துக்கொண்டே போனாள். ஓரிடத்தில் சத்தம் மாறியது. "இங்க ஒரு வாசல் இருந்திருக்கு, அடைச்சிருக்காங்க!" என்று குதித்தாள். "ஆமா, அங்கன உன் பீரோவ வச்சுக்கிடலாம்" என்றார் அந்த அம்மாள்.

கேசரி வந்தபோது எனக்கு விளங்கிவிட்டது. கோமதிக்கு விளங்கவில்லை. சுவரைத் தவிர அவள் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் கதவு மறுபடி சாத்திக்கொள்ளும், பிள்ளையின் படிப்பு அந்தரத்தில் நிற்கும். அதனால் வாயைத் திறக்கவில்லை. (கேசரி சாப்பிட மட்டும் திறந்தேன். நெய் தாராளம்.) தப்பு என்பீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள்.

அதற்குள் அந்த அம்மாள் செல்போனை எடுத்துவிட்டார்.

"ஏலே சங்கரு, எங்கன இருக்க? குத்தாலத்துலயா? எண்ண தேச்சுக்கிட்டு இருந்தா என்னலே? அப்படியே வா. பொண்ணு வீட்டுக்காரங்க வந்து உக்காந்திருக்காக!"

கோமதியின் டேப் 'சர்ர்' என்று சுருண்டு உள்ளே போனது.

"அம்மா."

"நான் பழந்தாம்ட்டி வாங்குனேன்."

"பழம், பூ, வெத்தில, பட்டுச்சேல. வேற என்ன பாக்கி? நாதஸ்வரமா?" அவள் கண் கலங்கியிருந்தது. "உன்ன நம்புனேம்மா. சாயங்காலம் நான் கெளம்புதேன்."

என்ன சொன்னாலும் நம்பமாட்டாள் என்று தெரிந்தது. தட்டு எனக்கு எதிர்ச்சாட்சியாக நடுக்கூடத்திலேயே இருந்தது. அந்த நேரம் பார்த்து வீட்டுக்கார அண்ணாச்சி தோப்பிலிருந்து வந்து சேர்ந்தார்.

"பிள்ளை சாஸ்தா கேட்டுச்சு" என்றார் மனைவி, பெருமையாக.

"நமக்குக் கடையம் பக்கம், வாய்க்கால் கரைச் சாஸ்தா" என்றார் அவர்.

எங்களுக்கும் அதேதான். கோமதி அழுகையை மறந்துவிட்டாள். "இந்த அடைச்ச வாசல்?"

"அதுவா, பூட்டன் காலத்துல ரெண்டு வீடும் ஒண்ணு. அண்ணன் தம்பி பாகம் பிரிச்சப்போ அடைச்சது. மூத்தவரு அந்தப் பாதிய வித்துட்டு ஆலங்குளம் பக்கம் போயிட்டாரு. ஆறுமுகம்னு பேரு."

"அம்மா! இதான் வீடு! நாமதான் அந்த மூத்தவர் வாரிசு!" என்று கத்தினாள் கோமதி.

அந்த அம்மாள் என் கையிலிருந்த கேசரித் தட்டை மெதுவாக வாங்கிக்கொண்டார். (இரண்டு வாய் பாக்கி இருந்தது.)

அண்ணாச்சி வேட்டியை இறுக்கிக் கட்டினார். "பங்காளியா? பாகம் அப்பமே முடிஞ்சாச்சு. இப்ப என்ன வேணும் உங்களுக்கு?"

"அளவு மட்டும் போதும் பெரியப்பா" என்றாள் என் புத்திசாலி மகள், டேப்பை மறுபடி உருவிக்கொண்டு.

"அளவா? எதுக்கு அளவு? அதெல்லாம் ஆகாது!"

நான் எழுந்தேன். "அண்ணாச்சி, உங்க வீட்டுல ஒரு செங்கல்லு எங்களுக்கு வேண்டாம். பிள்ள ராணி காலத்து வீட்டப் பத்திப் படிக்கா. பூட்டன் வீட்டப் பாக்க பூட்டன் பிள்ளைகளுக்கு உரிமை இல்லையா? அளக்காம நாங்க எந்திரிச்சுப் போகமாட்டோம்." சொல்லிவிட்டு மறுபடி உட்கார்ந்துகொண்டேன்.

அப்போதுதான் வாசலில் பைக் நின்றது. தலையிலிருந்து கணுக்கால் வரை எண்ணெய் வழிய, துண்டைக் கட்டிக்கொண்டு ஒரு ஆள் நின்றான். சங்கர். "அங்கனயே நில்லுலே, தர பாழாப்போகும்!" என்று அவன் அம்மா கத்தினார். நடந்ததை எல்லாம் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். பெண் என்று நினைத்தால் தங்கச்சி முறையாம், அதுவும் வீட்டை அளக்க வந்திருக்கிறதாம்.

அவன் கண்ணில் இறங்கிய எண்ணெயைத் துடைத்துக்கொண்டு கோமதியைப் பார்த்தான்.

"தங்கச்சி, உங்கம்மாவ வையாத. போன மாசம் ஓட்டர் லிஸ்ட் சரிபாக்க வந்த டீச்சருக்கும் எங்கம்மா இதே கேசரியத்தான் குடுத்துச்சு. அந்த டேப்போட முனைய இங்கன குடு, எங்கருந்து பிடிக்கணும்?"