க்ராப்பின் மூக்கில் ஒரு முத்திரை

டீட்ஹெல்ம் க்ராப்பின் முகத்தில் கரி பூசாமல் சாவதில்லை என்று, இந்த வயதில், காலைக் காப்பியின் மேல் ஆணையிட்டுச் சபதம் செய்தேன்.

க்ராப் செத்து எத்தனையோ வருடமாயிற்று. அதனாலென்ன? எங்கள் ஹாலே நகரத்தின் இசைக்குழுவை ஒரு சின்னக் கோலால் ஆட்டிவைத்த அந்த மனிதருக்கு நூற்றாண்டுத் தபால்தலை வெளியிடப் போகிறார்களாம்!

நான், லோதார் வீப்கிங், அந்தக் குழுவின் பெருமுரசுக்காரன். ஒருநாள் அரங்கு நிறைந்த கச்சேரியில் முரசை அடித்தேன். சரியாகத்தான் அடித்தேன். மற்ற அறுபது பேரும் பிந்திவிட்டார்கள். க்ராப் கோலைக் கீழே வைத்தார். "என்ன அவசரம் வீப்கிங்? மத்தவங்களும் வரட்டுமே" என்றார். சபை சிரித்தது. கூரையில் இருந்த புறாக்கள் சிரித்தன. முதல் வரிசையில் என் மனைவி ரோஸ்விதாவும் சிரித்தாள்.

வெளியீட்டு நாளன்று அரங்க வாசலில் தபால்காரர் உட்கார்ந்து கையாலேயே முத்திரை குத்துவார். என் முகவரி எழுதிய உறையில் க்ராப்பை ஒட்டி, மூக்கின்மேல் கறுப்பு மையை இறக்கச் சொல்வது என் திட்டம்.

"செத்தவர்கிட்ட என்ன வம்பு, லோதார்?" என்றாள் ரோஸ்விதா.

"முரசுக்காரன் அடிக்கிறதுக்கு நேரம் காலம் கிடையாது."

"அதைத்தானே அவரும் சொன்னார்!"

நான் காப்பிக் கோப்பையைத் தள்ளி வைத்தேன். அவளுக்கே இரக்கம் வந்திருக்க வேண்டும்.

"போட்டோவும் காசும் குடுத்தா யார் மூஞ்சியை வேணும்னாலும் தபால்தலையா அடிச்சுத் தர்றாங்க. உனக்கும் ஒண்ணு போடட்டுமா?"

"போடு. முரசுக்கோலோட நிக்கிற போட்டோ."

எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த நாளும் வந்தது. என் முழங்கால் வீங்கிக்கொண்டது. உறையோடும் என் தபால்தலையோடும் ரோஸ்விதாதான் கிளம்பினாள்.

"மூக்குல. நச்சுன்னு. மறந்துடாதே."

"மறப்பேனா?"

உறை வந்த அன்று, கச்சேரிக் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு தபால்பெட்டியைத் திறந்தேன். க்ராப்பின் முகம் பளபளவென்று சிரித்தது. முத்திரை ஓரத்தில் மட்டும், நகக்கீறல் போல. தபால்தலை சேகரிப்பவர்கள் முகம் கெடாமல் இருக்க அப்படித்தான் கேட்டு வாங்குவார்கள்.

"ரோஸ்விதா! மூக்குல குத்தச் சொன்னேனே!"

"குத்தியிருக்கே. பக்கத்துல பாரு."

பக்கத்தில் நான். முரசுக்கோலோடு, கம்பீரமாக. மை என் மூக்கில் இறங்கி, காகிதமே குழிந்திருந்தது.

"தபால்காரர் தயங்கினார்ப்பா. 'உயிரோட இருக்கிற மனுஷர் மாதிரி தெரியுதேம்மா'ன்னார். 'என் வீட்டுக்காரர்தான், தைரியமா அடிங்க'ன்னேன்."

மேசையில் பிளம் கேக் இருந்தது. துக்கத்தோடு கையை நீட்டினேன். ரோஸ்விதா என் கையில் பட்டென்று ஓர் அடி போட்டாள். அப்போதுதான் மேசையில் வரிசையாக இருந்த கோப்பைகளையும், உறைக்காக வாங்கி வைத்திருந்த கண்ணாடிச் சட்டத்தையும் கவனித்தேன். இசைக்குழுவில் உயிரோடு மிஞ்சியிருந்த அத்தனை பேரையும் காப்பிக்கு அழைத்திருந்தாள்.

"என்ன அவசரம் வீப்கிங்?" என்றாள். "மத்தவங்களும் வரட்டுமே."