ஒரு வீட்டுக்கு மூன்று நொத்தாரிசு

எனக்கு ‘மாட்டேன்’ என்ற சொல் வாயில் வராது. பிறவிக் குறைபாடு என்றே வைத்துக்கொள்ளுங்கள். தேர்தல் காலத்தில் தெருவில் யார் துண்டுப்பிரசுரம் நீட்டினாலும் வாங்குவேன், அவருடைய எதிராளி நீட்டினாலும் வாங்குவேன். இரண்டு பேருக்குமே வாக்குப் போடுவதாகச் சொல்லிவிட்டு வருவேன். (எனக்கு இங்கே வாக்கே கிடையாது.) இந்தக் குணத்தோடு ஒருவன் வீடு வாங்கப் புறப்பட்டால் என்ன நடக்கும் என்பதை இத்தாலியில், பலேர்மோ நகரில் இருக்கிற நம்மாட்களுக்கு நான் செய்தே காட்டினேன்.

அப்போது நகரின் அல்பெர்கேரியா பகுதியில், சந்தைக்குப் பின்னால், இரண்டறை வாடகை வீட்டில் இருந்தோம். வீட்டுக்காரர் அதை உல்லாசப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடப்போகிறாராம், மாத முடிவில் வீட்டை விட்டு எழும்பச் சொல்லிவிட்டார். நல்லவேளையாகச் சீசா என்ற பகுதியில் ஒரு வீடு விலைக்கு வந்தது. விற்பவர் மனைவியை இழந்த கிழவர். ஜெனோவாவில் இருக்கும் மகளோடு போய் இருக்கப்போகிறார். என் மனைவி வதனி அந்த வீட்டை ஒரு தரம்தான் பார்த்தாள். பால்கனியில் கறிவேப்பிலைச் சட்டி எந்த மூலையில் என்பது வரைக்கும் முடிவு செய்துவிட்டாள்.

கடன் தர வங்கி ஒத்துக்கொண்டது. அங்கே இருந்த பெண் ஒரு பெயர்ப்பட்டியலைத் தந்து, நொத்தாயோவை நீங்களே தெரிவு செய்யலாம், ஆனால் எங்களோடு வழக்கமாக வேலை செய்யும் இவர்களில் ஒருவராக இருந்தால் கடன் சுணங்காது என்றாள். நொத்தாயோ என்றால் வேறு யாருமில்லை, நாங்கள் நொத்தாரிசு என்போமே, அவர்தான். வீட்டில் வில்லங்கம் இருக்கிறதா என்று தேடுவதும் அவர், உறுதிப் பத்திரத்தை வரிவரியாக வாசித்துக் காட்டுவதும் அவர், வங்கிக் காசு கைமாறுவதும் அவர் மேசையில்தான். நான் நன்றாக யோசித்து, பட்டியலில் ஆகச் சின்னப் பெயர் உள்ள அம்மாவைத் தெரிவு செய்தேன். (எழுத இலகு.)

இதோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. நான் வேலை செய்யும் வீட்டு எசமானியம்மா, சிஞ்ஞோராவிடம் சந்தோஷத்தில் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அவருடைய அண்ணன் மகனும் நொத்தாயோவாம். வேறு யாரிடமும் போனால் தனக்கு அவமானம் என்றார். நான் தலையை ஆட்டினேன். எங்களுடைய தலையாட்டு இருக்கிறதே, அதை எந்த நாட்டுக்காரரும் தமக்கு விருப்பமானபடி விளங்கிக்கொள்ளலாம். அடுத்த நாள் வீட்டுத் தரகர் தன்னுடைய நொத்தாயோவைச் சொன்னார். கிழவருக்கு அந்த நொத்தாயோவின் கந்தோர், அதாவது அலுவலகம், கிட்டவாம். பாவம் கிழவர் என்று அதற்கும் தலையாட்டினேன்.

அன்று இரவு சாப்பாட்டில் வதனி பிடித்துவிட்டாள்.

“இப்ப எத்தினை பேரிட்டை ஓமெண்டு சொல்லி வைச்சிருக்கிறியள்?”

“மூண்டு பேர். எங்கடை கலியாணத்துக்கு மூண்டு சாத்திரியாரிட்டைச் சாதகம் காட்டேல்லையே? அதுமாதிரித்தான்.”

“சாத்திரியார் மூண்டு பேரும் ஒரே நாளிலை தாலியோடை வந்து நிக்கேல்லை.”

பட்டியலில் உள்ள அம்மா போதும், மற்ற இரண்டு பேருக்கும் நாளைக்கே சொல்லிவிடுங்கள் என்றாள். ஓம் என்றேன். (கவனித்தீர்களா, அவளுக்கும் ஓம்.) சொல்லத்தான் நினைத்தேன். தரகருக்குப் போன் எடுத்தால் குசலம் விசாரிப்பேன். அவர் எந்த நாள் என்று கேட்பார். வங்கி சொன்ன வியாழக்கிழமைக் காலை பத்து மணியைச் சொல்லிவிட்டு வைத்துவிடுவேன். சிஞ்ஞோராவிடமும் இதே கதைதான்.

வியாழக்கிழமையும் வந்தது. கிழவரின் தளபாடங்கள் ஏற்கெனவே போய்விட்டன, அவர் அன்று இரவுக் கப்பலில் ஏறுகிறார். நாங்கள் வெளிக்கிட்டுக் கீழே இறங்கினால் வாசலில் டாக்சி. உள்ளே முத்துமாலை போட்டு, மடியில் கன்னோலிப் பலகாரப் பெட்டியோடு சிஞ்ஞோரா. ஏறு, நேரமாகிறது என்றார். வதனி என்னைப் பார்த்தாள். நான் ஏறினேன். ஏறாமல் இருந்திருக்கலாம்தானே என்று இன்றைக்கும் சனம் கேட்கிறது. கேட்கிறவர்கள் அந்தச் சிஞ்ஞோராவைப் பார்த்ததில்லை.

கந்தோரில் எங்களை வரவேற்ற அண்ணன் மகன் மரியாதையான மனிதர். வங்கியிலிருந்து தனக்கு ஒரு கடிதமும் வரவில்லையே என்று அவர் இழுக்கும்போதே என் போன் அடித்தது. வங்கிப் பெண். சின்னப் பெயர் அம்மாவின் கந்தோரில் காசோலையோடு இருக்கிறாளாம், நாங்கள் எங்கே என்று கேட்டாள். அதை வைக்க முதல் தரகர். கிழவர் தன்னோடு தன்னுடைய நொத்தாயோவின் கந்தோரில் இருக்கிறார் என்றார். பின்னால் கிழவரின் சத்தம் எனக்கே கேட்டது. தன்னை ஏமாற்றுகிறார்களாம், வீடும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், துறைமுகத்துக்குப் போகிறாராம். ஒரு வீட்டை வாங்க மூன்று கந்தோரில் ஆட்கள் குந்தியிருந்தது பலேர்மோவில் அதுதான் முதல் தரமாக இருக்கும்.

வதனி ஏசுவாள் என்று பார்த்தேன். ஏசவில்லை. கதிரையில் இருந்தபடி மெதுவாகச் சொன்னாள்:

“மாதம் முடிய எங்கை போறது? அதை மட்டும் சொல்லுங்கோ.”

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். நான் எழும்பினேன். சிஞ்ஞோராவைப் பார்த்து “நோ” என்றேன். குரல் கீச்சென்று வந்தது. ஆனால் வந்துவிட்டது. உங்கள் அண்ணன் மகனிடம் உறுதி முடிக்க ஏலாது, வங்கி ஒத்துக்கொண்டவர் வேறு, அதை உங்களிடம் சொல்லப் பயந்து இவ்வளவு நாள் இருந்துவிட்டேன் என்றேன்.

சிஞ்ஞோரா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“அப்படியானால் நான் போடுகிற கோப்பி நன்றாக இருக்கிறது என்று இத்தனை வருஷமும் சொன்னாயே, அதுவும் பொய்தானா?”

“ஓம் சிஞ்ஞோரா, அதுவும்தான்” என்று இத்தாலியனில் ஒழுங்காகவே சொன்னேன். ஒருதரம் திறந்த வாய் உடனே மூடவில்லை.

அண்ணன் மகன் மேசைக்குப் பின்னால் விழுந்து விழுந்து சிரித்தார். அவரும் அந்தக் கோப்பி குடித்தவர்தானே. சிஞ்ஞோரா அவரை ஒரு முறை முறைத்தார், பிறகு தானும் சிரித்துவிட்டார். டாக்சியைத் திரும்பக் கூப்பிட்டவரும் அவர்தான். தரகரின் நொத்தாயோவுடைய கந்தோர் வாசலில், தொப்பியும் கோபமுமாக நின்ற கிழவரை இறங்கிப் போய்க் கையைப் பிடித்து இழுத்துவந்து டாக்சியில் எங்களுக்கு நடுவில் இருத்தினார். வழியில் கிழவருக்கு ஒரு கன்னோலி கொடுத்தார். இரண்டாவதைக் கிழவர் கேட்டே வாங்கினார். அப்போதுதான் எனக்கு உயிர் வந்தது.

சின்னப் பெயர் அம்மா உறுதியை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை வாசித்தார். எல்லாம் விளங்கியதா, சம்மதமா என்று கேட்டார். நான் தலையாட்டத் தொடங்க, வதனி என் காலை மிதித்துவிட்டு, “சி” என்று தெளிவாகச் சொன்னாள். (இத்தாலியனில் ஓம்.) கையெழுத்துப் போட்டோம். கிழவர் வீட்டுத் திறப்பை வதனியின் கையில் வைத்துவிட்டு வெயிலோடு துறைமுகத்துக்குப் போனார். அவள் அதை வீடு வரும்வரைக்கும் கீழே வைக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

சிஞ்ஞோரா வீட்டில் இப்போது கோப்பி போடுவது நான். எங்கள் சீசா வீட்டுக்கோ வீடு வாங்க நினைக்கிற நம்மாட்கள் ஆலோசனைக்கு வருகிறார்கள். வங்கியை முதலில் கேளுங்கள், அவர்கள் ஏற்கிற ஒருவரைப் பிடியுங்கள், ஒரே ஒருவரை என்று விளக்கமாகச் சொல்லுகிறேன். உறுதி முடிக்கிற அன்றைக்குக் கூட வரச்சொல்லியும் கேட்கிறார்கள். போன கிழமை இரண்டு குடும்பத்தார் ஒரே நாளைக்குக் கேட்டார்கள். நான் வாயைத் திறக்க முதல் குசினி அடுப்படியிலிருந்து வதனியின் குரல் வந்தது:

“அவரை ஒரு ஆள் கூட்டிக்கொண்டு போங்கோ. மற்ற ஆளுக்கு நான் வாறன். அவர் மூண்டாவது ஆளுக்கும் ஓமெண்டு சொல்லியிருப்பார், அது ஆரெண்டும் கேளுங்கோ.”

சொல்லித்தான் இருந்தேன்.