கேப்டனுக்குக் கண்ணீர் அஞ்சலி

பள்ளியில் தமிழுக்கு நல்ல மதிப்பெண் வாங்கியவர்களிடம் பேனர் எழுதும் வேலையை ஒப்படைக்கக் கூடாது. அனுபவத்தில் சொல்கிறேன். அந்த மதிப்பெண்ணை வாங்கியவள் நான்தான். (சான்றிதழைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். இதுவரை யாரும் கேட்டதில்லை.)

எங்கள் ஊர்க் காற்பந்துக் குழுவின் நடுக்கள ஆட்டக்காரர், முன்னாள் கேப்டன் சேவியர், ஓய்வு பெறப்போகிறார் என்று தெரிந்ததும் ரசிகர்களின் வாட்சாப் குழுவில் மூன்று நாள் யாரும் காலை வணக்கம்கூடப் போடவில்லை. நான்காம் நாள் குழுத் தலைவர் சார்ல்ஸ் அண்ணன் எனக்குப் போன் செய்தார். பள்ளி பஸ் ஓட்டுபவர். மலாய்ப் பள்ளியில் படித்தவர் என்பதால் தமிழ் எழுத்து தெரியாது.

“ஸ்டெல்லா, கேப்டனோட அம்மா இந்தக் கடைசி கேமுக்கு வர்றாங்க. மகன் அடிபட்டுருவானோன்னு பயந்து இத்தனை வருஷம் ஒரு கேம்கூட பாக்கல. அவங்களுக்குத் தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும்லா. அவங்களுக்காகத் தமிழ்ல ஒரு ட்ரிபியூட் பேனர் வேணும்.”

ட்ரிபியூட் என்றால் தமிழில் என்ன? நான் அகராதியைத் தொடக்கூட இல்லை. அஞ்சலி! கடைசி நாளில் எல்லாரும் அழத்தானே போகிறோம் என்று முன்னால் ‘கண்ணீர்’ சேர்த்தேன். அடியில், “நீ விட்டுச் சென்ற இடம் என்றும் வெற்றிடமே! உன்னை மறவா ரசிகர்கள்” என்று முடித்தேன். எழுதிவிட்டு நானே கண் கலங்கினேன். அவ்வளவு திமிர்.

சூலியா தெருவில் அச்சுக்கடை வைத்திருக்கும் காதர் அண்ணனுக்கு வாசகத்தையும் கேப்டனின் படத்தையும் அனுப்பினேன். அவருக்குப் பூப்பந்து தவிர வேறு விளையாட்டு கண்ணில் தெரியாது. சற்று நேரத்தில் கூப்பிட்டார்.

“எந்த வருஷம் ஆரம்பம், எந்த வருஷம் முடிவு தங்கச்சி?”

முதல் ஆட்டம் ஆடிய வருடத்தையும் இந்த வருடத்தையும் சொன்னேன்.

“பதினேழு வருஷம்தானா? படத்துல தாடியெல்லாம் இருக்கே. பாவம்.”

“ஆமாண்ணே. இன்னும் ரெண்டு வருஷம் இருந்திருக்கலாம். முட்டி வலி விடல.”

“முட்டி வலியிலயா!” என்று உச்சுக் கொட்டினார். “அம்மா இருக்காங்களா?”

“இருக்காங்கண்ணே. முன்வரிசையில உக்கார வைக்கப் போறோம்.”

“அவங்க மனசைத் தேத்துங்க. டிசைனை நான் பாத்துக்கிறேன், நம்மகிட்ட ரெடியாவே இருக்கு.”

எவ்வளவு நல்ல மனுஷர் என்று நினைத்துக்கொண்டேன். அவர் தட்டச்சு செய்து அனுப்பிய வாசகத்தில் ‘கேப்டனுக்கு கண்ணீர்’ என்று இருந்தது. நடுவில் ஒரு ‘க்’ வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லித் திருத்தினேன். மற்றபடி பிழை இல்லை.

பேனரைச் சார்ல்ஸ் அண்ணன் சுருட்டி வாங்கிப் போனார். ஆட்டத்தன்று காலை ஆயர் ஈத்தாமில் கேப்டனின் அம்மா குடியிருக்கும் அடுக்குமாடியில், மின்தூக்கிக்குப் பக்கத்தில் கட்டினார். அம்மா கீழே இறங்கியதும் முதலில் அதைத்தான் படிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. கட்டிவிட்டு நேராகத் திடலுக்குப் போய்விட்டார்.

அம்மாவை அழைத்துப் போவது என் பொறுப்பு. ஆட்டம் நாலரைக்கு. மதியம் இரண்டு மணிக்குக் கையில் பெரிய ரோஜா மாலையோடு (கேப்டனுக்குப் போடத்தான்) காடியை நிறுத்தி இறங்கினேன். அடுக்குமாடிக்குக் கீழே ஐம்பது பேர். ஒரு சீனர் பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தார். நாலைந்து பெண்கள் ஜெபமாலை சொன்னார்கள். கேப்டனுக்கு இவ்வளவு ரசிகர்களா என்று எனக்கு உடம்பு சிலிர்த்தது.

நடுவில் அம்மா உட்கார்ந்திருந்தார். முகத்தில் அசைவில்லை, கண்ணீர் மட்டும் வழிந்தது. மகன் ஓய்வு பெறுவதைத் தாங்க முடியவில்லை போல என்று பக்கத்தில் குனிந்தேன்.

“அழாதீங்க ஆன்ட்டி. எல்லாருக்கும் ஒருநாள் வர்றதுதானே.”

அவர் என் கையைப் பிடித்தார். “எப்பம்மா? போன் அடிச்சா எடுக்க மாட்றானே. எப்ப ஆச்சு?”

“இன்னும் ஆகல ஆன்ட்டி, நாலரைக்குத்தான். உங்களைக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன்.”

ஜெபமாலை நின்றுவிட்டது. அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“நாலரைக்குத்தான் சாவானா?”

அப்போதுதான் கூட்டம் விலகி, பேனர் கண்ணில் பட்டது. கறுப்புக் கரை. கேப்டன் படத்துக்கு மாலை. தோற்றம், மறைவு என்று நான் கொடுத்த இரண்டு வருடங்கள். சேவியர் என்ற பெயரைப் பார்த்துக் குத்துவிளக்கை எடுத்துவிட்டுச் சிலுவையும் மெழுகுவத்தியும் போட்டிருந்தார் காதர் அண்ணன். (அம்மாவின் பக்திக்காகப் போட்டது என்று சார்ல்ஸ் அண்ணன் நினைத்தாராம்.) அந்த ‘க்’ மட்டும் மிகச் சரியாக இருந்தது.

“ஐயோ, உயிரோட இருக்காரு ஆன்ட்டி!” என்று கத்தினேன். கையில் மாலையோடு அப்படிச் சொன்னவளை யாரும் நம்பவில்லை. ஆட்ட நாளில் பயிற்சியாளர் எல்லாருடைய போனையும் வாங்கி வைத்துவிடுவார். சார்ல்ஸ் அண்ணனை அழைத்தேன். அவர் திடலின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஓடி, உடை மாற்றிக்கொண்டிருந்த கேப்டனின் காதில் போனை வைத்தார். அந்த ஐந்து நிமிடம் அம்மா என் கையை விடவில்லை. என் வாழ்நாளில் அப்படி வெட்கப்பட்டதும் இல்லை, பயந்ததும் இல்லை.

“அம்மா, சாப்பிட்டீங்களா? இன்னுமா கிளம்பல?” என்றது போன்.

அம்மா அப்போதுதான் வாய்விட்டு அழுதார். பிறகு, போனை எடுக்காததற்காக மகனைத் திட்டித் தீர்த்தார். அதற்கும் பிறகு புடவை மாற்றிக்கொண்டு என் காடியில் ஏறினார். ஐம்பது பேரும் பின்னாலேயே வந்தார்கள். நாற்காலி போட்ட சீனரும் வந்தார்.

ஆட்டத்தில் கேப்டனை இரண்டு முறை கீழே தள்ளினார்கள். அம்மா முகத்தை மூடிக்கொள்வார் என்று திரும்பிப் பார்த்தேன். அவர் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பயமா இல்லையா ஆன்ட்டி?”

“காலைலதான் ஒருக்கா செத்துட்டானே. இனிமே என்ன?” என்றார்.

அதன்பின் அந்தக் குடும்பத்தில் கல்யாண அழைப்பிதழ் முதல் பிறந்தநாள் கேக் வரை எதிலும் என்னை ஒரு வரி எழுத விடுவதில்லை. ஆனால் வருடா வருடம் அதே நாளில் அம்மா வீட்டில் விருந்து. மறைந்தவரே பரிமாறுவார். பேனரை அம்மா மடித்து அலமாரியில் வைத்திருக்கிறார். மகனைப் பற்றித் தமிழில் வேறு யாரும் எழுதவில்லையாம்.

போன வருடம் விருந்துக்கு அழைக்கக் கேப்டனே போன் செய்தார். எத்தனை மணிக்கு வரட்டும் என்று கேட்டேன்.

“நீ சொன்ன நேரம்தான் தங்கச்சி. நாலரைக்கு.”