மதகு திறந்த ஆண்டு

மேகங்கள் கூரையுயரத்தில் மேய்ந்து திரியும் நீலவனம் என்ற நாட்டில், குடிமக்களின் துயர் துடைக்க அரசர் ஒரு கல்லூரி நடத்திவந்தார். அங்கே படித்தவள் இளவேனி. தோளை எப்படித் தட்டுவது, அழுபவர் எதிரில் எவ்வளவு தலை சாய்ப்பது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

அந்த ஆண்டு, அரண்மனை அன்னங்கள் நீந்துவதற்காக ஆற்றின் மதகு அடைக்கப்பட்டது. கீழே கொன்றையூரில் கிணறுகள் வற்றின. உடனே ஓர் ஆணை வந்தது: தாகம் என்ற சொல்லை இனி எவரும் உச்சரிக்கக் கூடாது, பொறுமை என்றே சொல்ல வேண்டும். மக்கள் பொறுமையால் நாக்கு வறண்டு படுத்தார்கள். அவர்களுக்கு ஆறுதல் சொல்லிவிட்டு வருவதுதான் இளவேனிக்கு இறுதித் தேர்வு.

குழந்தையை மடியில் கிடத்தியிருந்த செங்கமலம் என்பவளின் தோளை அவள் தட்டினாள்.

"நல்லாத்தான் தட்டுற, கண்ணு. ஆனா எம்புள்ள நாக்கு நனையலையே" என்றாள் செங்கமலம்.

இளவேனியின் கை அப்படியே நின்றது. கையை எடுத்துவிட்டுக் கேட்டாள்: "நான் என்னக்கா செய்யணும்?"

"எங்ககூட மதகுக்கு வா. பேச வேண்டியத நாங்க பேசிக்கிறோம். வெரட்டுனா, நீ வெலகிப் போகாம நில்லு."

மதகுக்கு ஏறும் பாதையில், மேகத்துக்குள் நடப்பது தூக்கத்தில் நடப்பதுபோல் இருந்தது. முன்னால் போகிறவரின் முதுகுகூடத் தெரியவில்லை. காலடிச் சத்தம் மட்டும் வளைவுக்கு வளைவு பெருத்துக்கொண்டே வந்தது.

மதகடியில் நலத்துறை அமைச்சர் நின்றிருந்தார். "மாணவியே, துயரைத் துடைக்கலாம். அது எங்கிருந்து வருகிறது என்று தேடுவது பாடத்திட்டத்தில் இல்லை. விலகி நின்றால் பட்டம் உண்டு."

"பட்டம் வேணாங்கய்யா. இவங்க சொல்றதக் கேளுங்க." அவள் கால் நகரவில்லை.

செங்கமலம் முன்னால் வந்தாள். "எங்களுக்குப் பொறுமை இல்லைங்க. தாகம்."

அந்தச் சொல்லை மேகத்துக்குள்ளிருந்து எண்ண முடியாத குரல்கள் மெல்லத் திருப்பிச் சொல்லின. எத்தனை பேர் என்று அமைச்சருக்குப் பிடிபடவில்லை. மதகைத் திறக்கச் சொன்னார். தண்ணீர் தூக்கம் கலைந்ததுபோல் எழுந்து கீழே போயிற்று.

இளவேனியைக் கல்லூரியிலிருந்து நீக்கினார்கள். மறு ஆண்டு அங்கே புதுப்பாடம் ஒன்று சேர்ந்தது: 'அரசர் தாமாக மனமிரங்கி மதகு திறந்த வரலாறு.' தேர்வில் ஒரே கேள்வி: மதகைத் திறக்க வைத்தது யார்?

அந்த ஆண்டு ஒரு மாணவர்கூடத் தேறவில்லை.