பவானிக்குப் போன போசி

கண்ணுகளா, போன வாரம் டிவியில் கல்கத்தா ட்ராம் ஓடியதைப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, உங்க சின்ன வயசுல கோயமுத்தூர்ல இதெல்லாம் ஓடுச்சா?" என்று கேட்டீர்கள். ஓடவில்லை. எங்கள் பீளமேட்டு மில் தெருக்களில் ஓடியது ஒரே ஒரு டவுன் பஸ். அதுவும் என் மானத்தை ஏற்றிக்கொண்டு ஓடியது. அப்பா படித்தது எட்டாவதுதான். எழுத்தில் தப்பு இருந்தால் சிரிக்காதீர்கள். விஷயத்துக்கு மட்டும் சிரியுங்கள்.

எங்கள் லைன் வீடுகளில் ஆம்பளைகள் எல்லாரும் மில்லுக்குப் போய்விடுவார்கள். மதியச் சோறு அவர்களுக்குப் பின்னால் பஸ்ஸில் போகும். ஆள் இல்லாமல், சோறு மட்டும். ஸ்டாப்பில் நாங்கள் தூக்குப்போசியை (தூக்குவாளிதான்) நீட்டுவோம். டிரைவர் ராசண்ணன் வாங்கி, பக்கத்தில் இருக்கும் எஞ்சின் மூடிமேல் வரிசையாக வைப்பார். (சூடு ஆறாது பாருங்கள்.) மில் ஸ்டாப்பில் வாட்ச்மேன் இறக்கிக்கொள்வார். டிக்கெட் கிடையாது.

அந்தப் பங்குனி மாதத்தில் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் ஒரே கவலை, சித்தப்பாவின் வேலை. மில்லில் பதிலி ஆளாகச் சேர்த்துவிட மேஸ்திரி மனசு வைக்க வேண்டும். பதிலி என்றால், யாராவது லீவு போட்டால் அவர் இடத்தில் நிற்பது. அந்த மேஸ்திரிக்கு நாட்டுக்கோழி என்றால் உயிர். "நாளைக்கு மத்தியானம் எங்கூட்டுச் சாப்பாடுங்க" என்று எங்கப்பா சொல்லிவைத்துவிட்டார். சங்கு ஊதியதும் மேஸ்திரி சாப்பிடுவார், கை கழுவும்போது சித்தப்பா கேட்டில் வந்து கும்பிடுவார். அதுதான் திட்டம்.

அம்மா விடிகாலையில் இருந்து வறுத்தார். எனக்கு ஒரு கழுத்தெலும்புதான் கிடைத்தது. போசியைக் கையில் கொடுத்து, "பாத்துக் கண்ணு, உங்க சித்தப்பன் பொழப்பே இதுக்குள்ளதான் இருக்குது" என்றார்.

அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம். மூடி திறந்துகொள்ளுமோ, நாய் வருமோ என்று ஸ்டாப் வரை போசியையே பார்த்துக்கொண்டு நடந்தேன். பஸ் வந்தது. அதே பஸ், அதே ராசண்ணன். நீட்டினேன். அவரும் ரோட்டைப் பார்த்தபடியே வாங்கி எஞ்சின் மூடிமேல் வைத்தார். இரண்டு பேர் ஏறினார்கள். பஸ் போய்விட்டது. 'அப்பாடா' என்று திரும்பினால், எதிர் லைன் சரசக்கா கையில் போசியோடு என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

"ஏங் கண்ணு, எழவூட்டு பஸ்ல எதுக்குப் போசியக் குடுத்தே?"

"எந்த எழவுங்கக்கா?"

"கண்ணாடில ஸ்பெசல்னு போட்டிருந்துச்சே, பாக்கலியா? பின்னாடித் தெருவுல செத்தாருல்ல, அவரு அஸ்தி கரைக்க எல்லாரும் பவானி போறாங்க. மில்லுக்கு வேற பஸ்ஸு அப்புறமா வருது!"

சாவு வீட்டுக்காரர்கள் கவுச்சி தொடக்கூடாத நாளில், அவர்களுக்கு நடுவில் நாட்டுக்கோழி வறுவல் பவானிக் கூடுதுறைக்குப் போகிறது!

வீட்டுக்கு ஓடினேன். சித்தப்பா வெள்ளைச் சட்டை போட்டு, தலை சீவிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் சீப்போடு சைக்கிளில் ஏறினார். என்னை முன்கம்பியில் உட்கார வைத்து அவினாசி ரோட்டில் மிதித்தார் பாருங்கள், லாரிக்காரர்களே வழி விட்டார்கள். சின்னியம்பாளையத்துக்கு முன்னாலேயே சங்கிலி கழன்றது. பஸ் புள்ளியாகிவிட்டது. சித்தப்பா சங்கிலியை மாட்டினார். மசிக் கையைச் சட்டை ஓரத்தில் துடைத்துவிட்டு, என்னை மறுபடி முன்கம்பியில் ஏற்றினார். திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது.

மில் கேட்டுக்கு நாங்கள் வந்து சேர்ந்தபோது சங்கு ஊதிவிட்டது. அப்பாவும் மேஸ்திரியும் வெளியே வந்தார்கள். மேஸ்திரி ஏற்கெனவே கையைக் கழுவிவிட்டிருந்தார்.

"போசி எங்கடா கண்ணு?" என்றார் அப்பா.

"பவானி போயிருச்சுங்கப்பா."

"பவானிக்கா?"

"அஸ்தி கரைக்கறவங்ககூடப் போயிருச்சுங்க."

மேஸ்திரி ஈரக்கையை வேட்டியில் துடைத்தார். மசி அப்பிய சித்தப்பாவை ஏற இறங்கப் பார்த்தார். "நல்ல சகுனமுங்க. அடுத்த மாசம் பாக்கலாம்" என்று கேண்டீனைப் பார்த்து நடந்தார். (அந்த அடுத்த மாசம் இன்னும் வரவில்லை.)

சாயங்காலம் அம்மா அடுப்பே மூட்டவில்லை. நான் அரிசி மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். ராசண்ணன் கழுவிய போசியோடு வாசலில் வந்து நின்றார்.

"மன்னிச்சுக்குங்கக்கா. கை பழக்கத்துல வாங்கிப்போட்டேன். அவினாசி தாண்டறதுக்குள்ள எஞ்சின் சூடேறி, பஸ்ஸு பூராக் கோழி வாசமுங்க. அஸ்திய மடில வெச்சிருந்த மூத்த பையன் மூக்க உறிஞ்சிட்டு என்னையே பாக்கறாப்ல. பின்சீட்டுல அந்தாளு பொஞ்சாதி, 'ஐயோ, உசுரோட இருக்கறப்ப ஒரு கோழி ஆக்கிப் போடலியே, இப்பக் கேக்கறாரே'ன்னு ஒரே அழுகை. அப்புறம் பஸ்ஸே அழுதுச்சுங்க. நான் எப்படிங்க மூடியத் தொறந்து காட்டறது?"

"அப்ப கோழி?" என்றார் அம்மா.

ராசண்ணன் தரையைப் பார்த்தார். "திரும்பறப்ப, அவங்கெல்லாம் டீக்கு எறங்குன எடத்துல நானும் கண்டக்டரும்... வீணாக்கக் கூடாதில்லீங்களா. சும்மா சொல்லப்படாதுங்கக்கா, உப்பு ஒறப்பெல்லாம் கன பொருத்தம்."

மத்தியானத்தில் இருந்து அழுதுகொண்டிருந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ராசண்ணன் சித்தப்பா பக்கம் திரும்பினார். "தம்பி, எங்க மொதலாளி கிளீனருக்கு ஆள் கேக்கறாரு. தின்னவன் சும்மா இருக்கக்கூடாது. காலைல வாரேன், ரெடியா இருங்க."

உங்கள் சின்னத் தாத்தா அப்படித்தான் பஸ்ஸில் ஏறினார். கிளீனர், கண்டக்டர் என்று ரிட்டையர் ஆகும்வரை இறங்கவே இல்லை. இன்றைக்கும் எந்த விருந்தில் கோழி வைத்தாலும், "எனக்கு வேல வாங்கிக் குடுத்தவரு வந்துட்டாருங்க" என்று இலையைக் கும்பிடுகிறார். நான் பால் வாங்க ஸ்கூட்டரை எடுத்தால்கூட, "வண்டி எங்க போகுதுன்னு கேட்டுட்டு ஏறு கண்ணு" என்கிறார். நீங்களும் கூடச் சேர்ந்து சிரிக்கிறீர்கள்.

அன்றைக்கு ராசண்ணன் போன பிறகு எல்லாரும் வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். சித்தப்பாவின் சட்டை ஆணியில் தொங்கியது. காலையில் வேலைக்குப் போட்டுப்போக வேறு நல்ல சட்டை அவருக்குக் கிடையாது. அதை எடுத்துக்கொண்டு தெருக்குழாய்க்குப் போனேன். அந்த நேரத்தில் அங்கே யாரும் இல்லை. சோப்பு போட்டு, கல்லில் வைத்துத் தேய்த்தேன். வியர்வை போனது, புழுதி போனது. கீழ் ஓரத்தில் பட்ட சங்கிலி மசி மட்டும் எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. சட்டையை உள்ளே விட்டுக்கொண்டால் தெரியுமா என்று என் வயிற்றோடு வைத்துப் பார்த்தேன். தெரியாது. நன்றாகப் பிழிந்து, உதறி, கம்பியில் காயப்போட்டேன்.