மாறனை ஒழுங்காகச் சாகடித்த கதை

எப்போதும் சிரிப்புக் காட்டுகிறவன் ஒருநாள் சீரியஸாகப் பேசினால் யாரும் நம்பமாட்டார்கள். நம்பிவிட்டால் நிலைமை இன்னும் மோசம்.

கல்லூரி முடித்த புதிதில் எங்களுக்கு ஒரு பைத்தியம் இருந்தது. மேசையைச் சுற்றி உட்கார்ந்து, கதை சொல்லியே விளையாடுகிற விளையாட்டு. ஒருவன் கதையை நடத்துவான். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். வெட்டு விழுந்ததா, தப்பித்தானா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். நடத்துகிறவன் நான். (வேறு யாருக்கும் அந்த வேலை வேண்டாம் என்பதுதான் என் தகுதி.) ஆடுகிறவர்கள் இரண்டே பேர். மொபைல் கடை வைத்திருந்த சாம், ஏனாத்தூர் கல்லூரியில் என்னோடு படித்த நித்யா.

என் கதையில் அரக்கன்கூட ஜோக் அடிப்பான். உயிர் போகிற நேரத்தில் ராஜா கோயில் இட்லி கேட்பார். சாம் உருண்டு புரண்டு சிரிப்பான். நித்யா சிரிக்கமாட்டாள். அவளுடைய பாத்திரம் மாறன் என்ற படகுக்காரன். இரண்டு வருஷமாக அவனைப் பார்த்துப் பார்த்து வளர்த்திருந்தாள்.

அவளுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. கடைசி ஆட்டத்துக்கு முன்னால் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "மாறன் சாவட்டும்பா. ஆனா ஒழுங்கா சாவணும். நடுவுல நீ ஒரு ஜோக் அடிச்சீனா எழுந்து போயிடுவேன். அப்புறம் உன்கூட பேச்சே கெடையாது."

அவள் சொன்னால் செய்வாள். அவள் பேசாமல் போய்விடுவாளோ என்று, எழுதிவைத்திருந்த ஜோக்கையெல்லாம் அன்றைக்கே கிழித்துப் போட்டேன். (ஏன் என்று எனக்குத் தெரியாது. சாமுக்குத் தெரியும்.)

அன்று மத்தியானம் அப்பாவும் அம்மாவும் வாலாஜாபாத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். பிள்ளையார்பாளையம் முழுக்கத் தறி ஓடிக்கொண்டிருக்க, எங்கள் வீட்டுத் தறி மட்டும் சும்மா கிடந்தது. கதவைச் சாத்தி, குத்துவிளக்கு ஏற்றி, ஊதுபத்தி கொளுத்தினேன். அரக்கர்களைத் தடுக்கப் பாலத்தில் மாறன் தனியாக நிற்கிறான். நித்யா பகடையை உருட்டினாள். ஒன்று விழுந்தது. அவ்வளவுதான், மாறன் முடிந்தான்.

தயாராக வைத்திருந்த சங்கு, சேகண்டிச் சத்தத்தைப் போனிலிருந்து ஸ்பீக்கரில் விட்டேன். சாம் கடையிலிருந்து தூக்கிவந்த ஸ்பீக்கர், ஆள் உயரம் இருக்கும்.

நித்யா அழுதாள். சாம்கூட மூக்கை உறிஞ்சினான். வெளியே தறிச்சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. தெருவே என் கதையில் மெய்மறந்துவிட்டது என்று நினைத்தேன். (நிஜமாகவே நினைத்தேன்.)

எங்கள் தெருவில் சாவு விழுந்தால், எடுக்கும்வரை யாரும் தறியில் உட்காரமாட்டார்கள். சாவுச் சங்கை வீட்டுக்குள்ளிருந்து ஊதிவிட்டு இதை மறந்துபோன மேதாவி, அதே தெருவில் பிறந்து வளர்ந்தவன்.

கதவு திறந்தது. எதிர்வீட்டு பத்மா அக்கா நின்றிருந்தார். பின்னால் தெருவே நின்றது.

"யாருப்பா? அப்பாவா?"

நான் ஸ்பீக்கரை அணைக்க ஓடினேன். நித்யாதான் விசும்பிக்கொண்டே சொன்னாள். "மாறன்கா. ரெண்டு வருஷமா கூடவே இருந்தான். எங்கள அனுப்பிச்சிட்டு அவன் மட்டும் பாலத்துல நின்னுட்டான்கா."

பத்மா அக்கா அவளைக் கட்டிக்கொண்டு அழத் தொடங்கினார். அவர் கணவர் தனகோட்டி அண்ணன் என் தோளில் கை வைத்தார். "பாடி எங்கப்பா இருக்குது?"

எனக்குள் ஒரு லாரி நிறைய ஜோக் வந்து நின்றது. நித்யா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு, "ஆத்தோட போயிடுச்சுண்ணா" என்றேன். கதைப்படி அது உண்மைதான்.

அதற்குமேல் எதுவும் என் கையில் இல்லை. பூமாலை வந்தது. பெஞ்சு வந்தது. ஷாமியானாவுக்கு ஆள் போனது. தனகோட்டி அண்ணன் போன் போட்டதில், அப்பா பந்தியில் பாயசத்தை அப்படியே விட்டுவிட்டு அம்மாவோடு ஆட்டோ பிடித்து வந்தார்.

"யார்டா மாறன்?"

மேசையைக் காட்டினேன். மாறனின் விவரங்கள் எழுதிய காகிதம் விளக்குக்கு முன்னால் இருந்தது. யாரோ அதற்கு மாலை போட்டிருந்தார்கள். அப்பா அதை நிதானமாகப் படித்தார். பலம் பதினான்கு, நீச்சல் உண்டு என்பதுவரை படித்தார்.

"எப்ப எடுக்கறாங்கன்னு தெருவுல கேட்டுக்கினு இருக்காங்க. நீயே போய் சொல்லு."

வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். நித்யாவும் கூடவே வந்தாள். எல்லோரும் வஞ்சனையில்லாமல் திட்டினார்கள். பத்மா அக்கா மட்டும், "கதையில செத்தா அது சாவு இல்லியா?" என்று மறுபடியும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெளியே வந்ததும் நித்யா தெருக்குழாயைப் பிடித்துக்கொண்டு விக்கல் வரும்வரை சிரித்தாள். இரண்டு வருஷம் நான் அடித்த ஜோக் எதற்கும் அவள் அப்படிச் சிரித்ததில்லை.

அன்றிலிருந்து வீட்டில் நான் எதையாவது முகத்தை இறுக்கிக்கொண்டு பேச ஆரம்பித்தால், அம்மா, "இருப்பா, தறிய நிறுத்தச் சொல்லட்டுமா?" என்பார். பெங்களூருக்குப் போய், வேர்க்க வேர்க்க நித்யாவின் எதிரில் உட்கார்ந்து, "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தபோது அவளும் அதையேதான் கேட்டாள். பஸ்ஸில் மனப்பாடம் செய்ததெல்லாம் மறந்துவிட்டது. மிச்சத்தை அவளே சொல்லி முடித்தாள்.

எங்கள் கல்யாணத்தில் பத்மா அக்கா மேடையேறி வந்து இருவருக்கும் அட்சதை போட்டார். பிறகு நித்யாவின் கன்னத்தைத் தொட்டு, "மாறன் இருந்திருந்தா எவ்ளோ சந்தோஷப்பட்டிருப்பான்மா" என்றார்.

கல்யாண போட்டோவில் நாங்கள் இரண்டு பேரும் அழுதுகொண்டிருப்பது அதனால்தான்.