உதவியின்றிக் கேட்கும் காது

மறுபடியும் கடலுக்குப் போய்விடுவது என்று முடிவெடுத்தேன். படுத்துக்கொண்டுதான் எடுத்தேன். பெரிய முடிவுகள் எனக்கு நின்றால் வராது.

படுத்திருந்தது காமயகவுண்டன்பட்டியில், எங்கள் திராட்சைப் பந்தலுக்குக் கீழே, கயிற்றுக் கட்டிலில். தலைக்கு மேல் முழுவதும் இலை. ஆடிக் காற்று மலையிலிருந்து இறங்கிப் பந்தலைத் தடவினால், மேற்கு ஓரத்தில் எழும் அலை கிழக்கு ஓரம் வரை போய் அடங்கும். பச்சைக் கடல். அதன் அடியில் மீன் மாதிரி நான். இலைச் சந்து வழியாக வெயில் சில்லறையாக நெஞ்சில் விழும். தூரத்தில் கம்பம் டவுன் பஸ் ஹாரன் அடித்தால், ஏதோ துறைமுகம் நெருங்குகிறது என்று கண்ணை மூடிக்கொள்வேன்.

இப்பேர்ப்பட்ட வாழ்க்கையை விட்டுவிட்டு ஏன் போக வேண்டும்?

அம்மாவாசிதான் காரணம். எங்கள் தோட்டக் காவல்காரர். இனி மகள் வீட்டோடு இருந்துகொள்கிறேன் என்று கோம்பைக்குப் போய்விட்டார். அவர் போன நாளிலிருந்து என் மனைவி பவுனு என்னைப் பார்க்கும் பார்வை மாறிவிட்டது. சந்தையில் மாடு பிடிக்க வந்தவர்கள் சுற்றிச் சுற்றி வந்து பார்ப்பார்களே, அந்தப் பார்வை. வாயைத் திறந்து பல்லைத்தான் இன்னும் எண்ணவில்லை.

நான் சரக்குக் கப்பலில் மாலுமி. பெயர் அழகர். இந்த முறை ஊர் திரும்பியபோது மூன்று நோய்களைக் கூடவே கொண்டுவந்தேன். சுங்க அதிகாரிகளிடம் காட்டாமல் கொண்டுவந்தவை.

முதல் நோய் காதில். கப்பல் தளத்தில் துருவைத் தட்டித் தட்டி ஒரு காது மந்தமாகிவிட்டது. எந்தக் காது என்பது பவுனு எந்தப் பக்கம் நின்று கூப்பிடுகிறாள் என்பதைப் பொறுத்தது. இரண்டாவது முதுகு. வடம் இழுத்த முதுகு. மண்வெட்டியைக் கண்டாலே பிடித்துக்கொள்ளும். மூன்றாவது கண். பழுத்த குலைக்கும் காய்க் குலைக்கும் எனக்கு நிற வித்தியாசம் தெரியாது. இதை நிரூபிக்க, வந்த புதிதில் ஒரு கூடை நிறையப் பச்சைக் காயாக வெட்டிக் காட்டினேன். அதற்குப் பிறகு கத்தரிக்கோலை யாரும் என் கையில் கொடுத்ததில்லை.

ஆனால் காவல் வேலைக்கு முதுகு தேவையில்லையே என்று அவள் யோசிக்க ஆரம்பித்தால்? அதற்குள் கிளம்பிவிட வேண்டும். கப்பலில் என் வேலையில் பாதி என்ன தெரியுமா? மேலே நின்று கடலைப் பார்ப்பது. பார்ப்பதற்குச் சம்பளம். உலகத்தில் வேறு எவன் தருவான்?

பவுனு அழுவாள், தடுப்பாள், அதற்கு என்ன சொல்லலாம் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே அடுப்படிக்குப் போனேன். நான் வாயைத் திறக்கும் முன் அவளே கேட்டாள்.

"ஏங்க, உங்க டாக்டர் சர்டிபிகேட்டு காலாவதியாகப் போகுதுல்ல? புதுசு வாங்க வேணாமா?"

"அது உனக்கு எப்படித் தெரியும்?"

"பீரோவ ஒதுங்க வச்சேன். கண்ணுல பட்டுச்சு."

"வாங்கிட்டா... நான் கப்பலுக்குப் போயிருவேனே பவுனு."

"போங்க. உங்களுக்குப் பிடிச்ச தொழிலு. நான் குறுக்க நிப்பனா?"

இவ்வளவு நல்ல பெண்ணையா ஏமாற்றினோம் என்று எனக்கு வெட்கமாகிவிட்டது. சந்தேகம்தான் வந்திருக்க வேண்டும். வெட்கம் வந்தது.

உங்களுக்குத் தெரியாது, மாலுமி ஆவதற்குக் கடல் மட்டும் போதாது. முதலில் பாஸ்போர்ட் வேண்டும். எந்தக் கப்பலில் ஏறினான், எங்கே இறங்கினான் என்று பதிகிற சிடிசி புத்தகம் வேண்டும். மாலுமிக்கென்று ஒரு தனி எண், மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்ட அட்டை, தீ அணைக்கத் தெரியும், தண்ணீரில் மிதக்கத் தெரியும், முதலுதவி தெரியும் என்று படித்துத் தேறிய சான்றிதழ்கள். எல்லாவற்றுக்கும் மேல், அரசாங்கம் அங்கீகரித்த டாக்டர் தலை முதல் கால் வரை சோதித்து 'இவன் தேறுவான்' என்று கொடுக்கும் மருத்துவச் சான்று. அதற்கு ஆயுள் இரண்டு வருடம்தான். கல்யாணத்துக்கு இதில் ஒரு காகிதம்கூட யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பவுனு தப்பித்திருப்பாள்.

இங்கேதான் ஒரு சிக்கல். டாக்டர் முன்னால் நான் முழு ஆரோக்கியமாக இருக்க வேண்டும். பவுனு முன்னால் மூன்று நோயோடு இருக்க வேண்டும். இரண்டு பேரும் ஒரே அறையில் இருந்துவிடக் கூடாது. அவ்வளவுதானே? தூத்துக்குடிக்குத் தனியாகப் போய் வந்துவிடலாம்.

"நானும் வாரேன்" என்றாள்.

"நீ எதுக்கு? அலைச்சல்."

"நான் கடலையே பாத்ததில்லங்க. கப்பக்காரர் பொண்டாட்டின்னு பேரு. பாத்ததெல்லாம் வைகை அணைதான்."

இதற்கு எவனாவது மறுப்புச் சொல்ல முடியுமா?

பஸ் ஏறப் போகும்போது பக்கத்துத் தோட்டத்து ஈஸ்வரபாண்டி அண்ணன் வழியில் பிடித்துக்கொண்டார்.

"என்ன மாப்ள, சோடியா எங்கன?"

"தூத்துக்குடிக்குண்ணே. டாக்டர்ட்ட."

"காதக் காட்டவா?"

"ஆமாண்ணே."

"தங்கச்சியையும் கூட்டிட்டா?" என்று என்னை ஒரு மாதிரி பார்த்தார். "சரி, ஓம் பாடு."

அந்த 'ஓம் பாடு'வை மதுரை தாண்டும் வரை யோசித்தேன். பிறகு பவுனு என் தோளில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டாள். அவள் கூந்தலில் மல்லிகை இருந்தது. யோசனை நின்றுபோனது.

மருத்துவமனையில் அவளை வெளியே பெஞ்சில் உட்கார வைத்தேன். "உள்ளே வரக் கூடாது, அரசாங்க விதி" என்றேன். நர்ஸ் எட்டிப் பார்த்து, "கூட வந்தவங்களும் உள்ள வாங்க, ஃபேன் இங்கதான் இருக்கு" என்றார். அரசாங்க விதி ஒரு ஃபேனில் பறந்துபோனது.

முதலில் உறுதிமொழிப் படிவம். நர்ஸ் கேள்வி கேட்க நான் பதில் சொல்லி, கடைசியில் கையெழுத்துப் போட வேண்டும். பொய் சொன்னால் பின்னால் வேலைக்கே ஆபத்து. பவுனு சுவரில் தொங்கிய கப்பல் படத்தை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கவனம் இங்கே இல்லை என்று தைரியம் வந்தது.

"முதுகு வலி உண்டா?"

"இல்ல" என்றேன், உதடு அசையாமல்.

"சத்தமா சொல்லுங்க சார்."

"இல்ல."

"மூட்டு வலி? குனிஞ்சு நிமிர்றதுல சிரமம்?"

"இல்ல."

"இல்லையாம் சிஸ்டர்" என்றாள் பவுனு, படத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "நல்லா அழுத்தி எழுதிக்கங்க."

அடுத்தது நிறம். டாக்டர் ஒரு புத்தகத்தை விரித்தார். பக்கம் முழுக்கப் பச்சைப் புள்ளி. நடுவில் சிவப்புப் புள்ளிகளில் ஒரு எண் ஒளிந்திருக்கும். அது தெரியாதவனைக் கப்பலில் ஏற்ற மாட்டார்கள். எதிரே வருகிற கப்பலின் சிவப்பு விளக்கு எது, பச்சை விளக்கு எது என்று தெரியாமல் எவனாவது காவல் நிற்க முடியுமா? நான் மடமடவென்று வாசித்தேன்.

"அடேங்கப்பா" என்றாள் பவுனு. "இம்புட்டுப் பச்சைக்குள்ள அந்தச் சிவப்பு தெரியுதா?"

"உங்க வீட்டுக்காரருக்குக் கழுகுக் கண்ணும்மா" என்றார் டாக்டர்.

"சொன்னாக டாக்டர். வேற மாதிரி சொன்னாக."

எனக்கு வியர்த்தது. ரத்த அழுத்தத்தை அதற்கு முன்பே பார்த்துவிட்டார்கள். என் நல்ல காலம்.

காதில் கருவியை மாட்டி எடுத்த சோதனையும் முடிந்தது. கடைசியாக ஒன்று பாக்கி. பின்னால் தள்ளி நின்று டாக்டர் ரகசியக் குரலில் பேசுவார். நாம் திருப்பிச் சொல்ல வேண்டும். காலையிலிருந்து எத்தனை மாலுமிகளின் முதுகுக்குப் பின்னால் ரகசியம் பேசினாரோ, அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது.

"அம்மா, நீங்க கொஞ்சம் கதவுகிட்ட நின்னு மெதுவா ஏதாச்சும் சொல்லுங்களேன். அவரு திருப்பிச் சொல்லட்டும்."

"எது வேணும்னாலும் சொல்லலாமா டாக்டர்?"

"எது வேணும்னாலும்."

நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். பின்னால் கொலுசுச் சத்தம் கதவு வரை போய் நின்றது. பிறகு, பந்தலில் காற்று நுழைவது போல ஒரு குரல்.

"பந்தலுக்கு மருந்தடிக்கணும்."

காதில் விழவில்லை என்று சொல்லிவிடலாம். சொன்னால் தோட்ட வேலை இருக்காது, கப்பலும் இருக்காது. என் கண் முன்னே ஒரு பெரிய வெள்ளைக் கப்பல் கரையை விட்டு மெல்ல நகரத் தொடங்கியது.

"பந்தலுக்கு மருந்தடிக்கணும்" என்றேன்.

"வாய்க்கால்ல அடைப்பெடுக்கணும்."

"வாய்க்கால்ல... அடைப்பெடுக்கணும்."

"விடியும் முன்ன எந்திரிப்பேன்."

"விடியும் முன்ன எந்திரிப்பேன்."

"பவுனோட அண்ணன் வந்தா கட்டில விட்டு எந்திரிச்சு வாங்கன்னு கூப்பிடுவேன்."

இதை அவள் இன்னும் மெதுவாகச் சொன்னாள். அதுவும் கேட்டுத் தொலைத்தது. சொன்னேன்.

"பிரமாதம்" என்றார் டாக்டர். "இன்னைக்கு வந்ததிலேயே இதுதான் நல்ல காது."

சான்றிதழைக் கையில் வாங்கியபோது ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். என்ன இருந்தாலும் கிளம்பப் போகிறவன். இனி அவளுக்கு என்ன தெரிந்தால் என்ன?

சாயங்காலம் கடற்கரைக்குப் போனோம். பவுனு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஈர மணலில் நின்றாள். அலை வந்து பாதத்தைத் தொட்டதும் ஒரு அடி பின்வாங்கினாள். பிறகு இரண்டு அடி முன்னால் போனாள். சேலைக் கரை நனைந்தது. கடல் அன்று வெள்ளியை உருக்கி ஊற்றியது போல மெல்ல அசைந்துகொண்டு கிடந்தது. தூரத்தில் ஒரு கப்பல், நிற்கிறதா போகிறதா தெரியவில்லை.

"நம்ம பந்தல் மாதிரியே இருக்குங்க" என்றாள்.

எத்தனை நாளாக நான் நினைத்துக்கொண்டிருந்தது! யாரிடமும் சொன்னதில்லை. ஒரு நிமிடம் போகவே வேண்டாம் என்றுகூடத் தோன்றியது.

"கப்பல்ல இதத்தான் பாத்துக்கிட்டு நிப்பீகளா?"

"சும்மா பாக்குறது இல்ல பவுனு. லுக்அவுட்டுன்னு பேரு. தூரத்துல எதுனா வருதான்னு கண்ணு அசராமப் பாக்கணும்."

"வந்தா?"

"உடனே சத்தம் குடுக்கணும்."

"உக்காரலாமா?"

"கூடாது. நின்னுக்கிட்டேதான். எவ்வளவு நேரம்னாலும் நிப்பேன்" என்று நெஞ்சை நிமிர்த்தினேன்.

"ம்" என்றாள். கடலைப் பார்த்து ஒருமுறை தலையாட்டிக்கொண்டாள், விலை படிந்தது போல.

ஊர் வந்ததும் சான்றிதழைக் கம்பெனிக்கு அனுப்பினேன். 'ரொம்ப நல்லது. இப்போதைக்கு இடம் இல்லை. கப்பல் அமைந்ததும் கூப்பிடுகிறோம்' என்று பதில் வந்தது. எப்போது என்று இல்லை. கவலையே படவில்லை. கட்டில் இருக்கிறது, பந்தல் இருக்கிறது, காற்று இருக்கிறது.

மறுநாள் காலையில் போனால் கட்டில் இல்லை.

வீட்டுக்குள் வந்தேன். காலண்டருக்குப் பக்கத்தில் என் சான்றிதழின் நகல், பளபளவென்று லேமினேஷன் செய்து மாட்டப்பட்டிருந்தது. பவுனு அதன் முன்னால் நின்று, பள்ளிக்கூடத்தில் படிப்பது போல ஒவ்வொரு வரியாகத் தமிழாக்கிப் படித்தாள்.

"காது, கருவி உதவி இல்லாமலே திருப்தி. நிறம் தெரியுது. உடம்புல கட்டுப்பாடு ஒண்ணுமில்ல. லுக்அவுட் வேலைக்குத் தகுதி, ஆம். கீழ சீல் வேற இருக்கு."

"அது கப்பலுக்கு, பவுனு."

"காது கப்பலுக்குத் தனி, வீட்டுக்குத் தனியா?"

"அப்ப நீ எல்லாம் தெரிஞ்சுதான்..."

"பழைய சர்டிபிகேட்டுலயும் இதேதான் எழுதிருந்துச்சு. நீங்க வந்த வாரமே படிச்சேன். ஆனா அதக் காட்டுனா, அதுக்கப்புறந்தான் செவிடாப் போனேன்னு சொல்லுவீக. காலாவதியாகப் போற காயிதத்த வச்சு என்ன ஞாயம் பேசுறது? அதான் புதுசா வாங்கச் சொன்னேன். இது ரெண்டு வருசத்துக்குச் செல்லும்."

"கம்பெனிக்காரன் கூப்பிட்டா?"

"தாராளமாப் போங்க. அதுவரைக்கும் காது, கண்ணு, முதுகெல்லாம் துருப்பிடிச்சுரக் கூடாதுல்ல?"

அரசாங்க முத்திரைக்கு எதிராக நான் எங்கே போய் மேல்முறையீடு செய்வேன்?

பந்தலின் மூலையில் அம்மாவாசி கட்டிவிட்டுப் போன பரண் இருக்கிறது. இப்போது என் இடம் அது. கையில் ஒரு தகர டப்பா, ஒரு குச்சி. கிளிக்கூட்டம் தூரத்தில் தெரிந்தால் சத்தம் கொடுக்க வேண்டும். நேற்று வரப்பு வழியாகப் போன ஈஸ்வரபாண்டி அண்ணன் அண்ணாந்து பார்த்தார்.

"என்ன மாப்ள, கப்பல் கெளம்பிருச்சா?"

டப்பாவை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். கீழே படுத்துப் பார்த்த பந்தல் வேறு. மேலே நின்று பார்க்கிற பந்தல் வேறு. இங்கிருந்து மலை அடிவாரம் வரை பச்சை அலை அலையாகப் போகிறது. நடுவில் தென்னைகள் பாய்மரம் போல ஆடுகின்றன. மேகம் மலையை மூடினால், இந்தப் பள்ளத்தாக்கே நங்கூரத்தை எடுத்துக்கொண்டு மெல்லக் கிளம்புகிறது. இன்று மத்தியானம் அப்படித்தான் கிளம்பியது. காற்று இதமாக இருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தவன், கொஞ்சம் உட்கார்ந்தேன். பிறகு டப்பாவைத் தலைக்கு வைத்து, சற்றே காலை நீட்டினேன்.

தோட்டத்துக்கு அந்தக் கோடியில் வீடு. வீட்டுக்குள் அடுப்படி. அடுப்படிக்குள் பவுனு, குரலைக்கூட உயர்த்தாமல் சொன்னாள்:

"லுக்அவுட்டுல படுக்கக் கூடாது."

காற்று எதிர்த்திசையில்தான் அடித்துக்கொண்டிருந்தது. இருந்தும் கேட்டது.